தண்ணீர்க்கார ஸோலினுக்கு என்ன வயது

ஓடம் என் படித்துறையைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போய், அடுத்த கால்வாய் பிரிகிற முனையில் நிற்கும். அவர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு ஓடத்தைத் திருப்புவார். அதன் வயிறு நிறையத் தண்ணீர். திருப்புவது லேசான வேலை இல்லை. தினம் இந்தக் கூத்துத்தான். நான் கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்ன, என் வீடு ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சுப் போயிருக்கும்னு நெனச்சீங்களா?"

"இல்ல தங்கச்சி. இங்க ஒரு மரம் நிக்குமே, அதை வச்சுத்தான் ஒதுக்குவேன். இன்னைக்குக் காணோம்."

"அது எதிர்க்கரையில நிக்குது. என்னைக்கும் அங்கதான் நிக்குது."

அவர் திரும்பி மரத்தைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். "அப்ப நான் எந்தக் கரையில நிக்கிறேன்?" என்று கேட்பார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்பார்.

இவர்தான் ஸோலின். ஏரி நடுவில் இருக்கிற எங்கள் தெனோச்தித்லான் நகரத்தின் மேற்குக் கால்வாய்களில் குடிதண்ணீர் விற்கிறவர். ஏரி நான்கு பக்கமும் கிடக்கிறது, வாயில் வைக்க முடியாது, உப்பு. கரைக்கு அப்பால் வெட்டுக்கிளிக் குன்றிலிருந்து கல்வாய்க்காலில் வருகிற நல்ல தண்ணீர் பாலத்தடியில் கொட்டுகிறது. அங்கே விடிவதற்கு முன் ஓடங்கள் வரிசை கட்டி நிற்கும். தண்ணீர்க்காரர்கள் ஓடத்தின் உள்ளேயே பிடித்து நிரப்பிக்கொண்டு, தெருத் தெருவாக வந்து சுரைக்குடுவையால் மொண்டு ஊற்றுவார்கள். மற்றவர்களெல்லாம் வாயால் கூவுவார்கள். ஸோலின் துடுப்பால் ஓடத்தின் விளிம்பைத் தட்டுவார். ஒரு நாள் கூவிக்கொண்டே போகும்போது என்ன விற்கிறோம் என்பது மறந்துபோய் "உப்பு, உப்பு" என்று கத்திவிட்டாராம். அதிலிருந்து தட்டுவதோடு சரி.

ஒவ்வொரு துறையிலும் முதலில் ஒரு கை அள்ளி அவரே குடித்துப் பார்ப்பார். குடித்துவிட்டு முகம் தெளிவார். "நல்ல தண்ணிதான்." வேறு என்னவாக இருக்கும் என்று நான் கேட்டதற்கு, பாலத்தடியில் நிரப்பினேனா, நிரப்பியதாக நினைத்துக்கொண்டு ஏரித் தண்ணீரோடு வந்துவிட்டேனா என்று ஒரு சந்தேகம், அதனால்தான் என்றார். ஒரு துறையில் குடித்துப் பார்த்தாயிற்றே, அடுத்த துறையில் எதற்கு மறுபடியும் என்று கேட்டேன். "நடுவுல என்னென்னமோ நடக்கலாமே அக்கா" என்றார்.

கவனித்திருப்பீர்கள், தங்கச்சி அக்காவாகிவிட்டாள். அது அவருடைய இன்னொரு குணம். ஒரே மூச்சில் என்னை அக்கா என்பார், தங்கச்சி என்பார். எதிர்வீட்டு மீன் வலைக்காரரை முந்தாநாள் மாமா என்றார், நேற்றுத் தம்பி என்றார். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. வயதைக் குறைத்துச் சொல்லிக் குழைகிற ஆளோ என்றுகூட நினைத்தேன். அப்படி இல்லை. எதிரே நிற்பவர் தன்னைவிடப் பெரியவரா சின்னவரா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பார்த்துச் சொல்ல நமக்கும் முடியாது. தலை முழுக்க நரைத்திருக்கிறது. பல் ஒன்றுகூட விழவில்லை. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் இளைஞனுடையது மாதிரி இருக்கிறது. கண்ணோரச் சுருக்கம் வெயிலால் வந்ததா வயதால் வந்ததா என்று யார் கண்டது?

எங்கள் தெருப் பெண்களுக்கு அவரைப் பிடிக்கும். அதற்குக் காரணம் அவ்வளவு நல்ல காரணம் இல்லை. குடுவையால் மொண்டு ஊற்றும்போது அவர் வாய்விட்டு எண்ணுவார். நடுவில் யாராவது ஒரு வார்த்தை பேசினால் எண்ணிக்கை போய்விடும், முதலிலிருந்து தொடங்குவார். அதனால் ஸோலின் வந்தால் எல்லோருக்கும் திடீரென்று பேச்சு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் நாய் குட்டி போட்ட கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பானை வழிய வழியத் தண்ணீர் வாங்கினாள். நான் அந்த வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மனைவி பெயர் மோசெல். சுறுசுறுப்பானவள், கறாரானவள். நாணல் வேய்ந்த அந்தச் சின்ன வீடும், பின்னால் மிளகாயும் தக்காளியும் போட்டிருக்கிற சேற்றுப் பாத்தியும் அவள் அப்பா வழியில் வந்தவை. ஸோலின் வெளிப் பேட்டையிலிருந்து வந்து இங்கே மருமகனாகத் தங்கியவர். பிள்ளை இல்லை. மேலாடையின் முடிச்சை வலது தோளில் போடவேண்டும் என்று மோசெல் தினமும் சொல்லி அனுப்புவாள். பாலத்தடியில் குனிந்து நிமிரும்போது அவிழ்த்துக் கட்டுகிறாரோ என்னவோ, என் துறைக்கு வரும்போது இடது தோளில் இருக்கும்.

"நான் கட்டிக்கிட்டது ஒரு மனுசனையா, காத்தையான்னு எனக்கே சில நாள் தெரியல" என்று மோசெல் என்னிடம் சொல்வாள். சொல்லிவிட்டு அவருக்கென்று தனியாக மிளகாய் அரைத்து வைப்பாள்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் தோசான் பிடித்தான்.

இறகு ஒட்டி அலங்காரம் செய்கிற தூவல் வேலைக்காரர் வீட்டில் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டிப் பெயர் வைத்தார்கள். எல்லோரும் போயிருந்தோம். வான்கோழிக் குழம்பும் கொழுக்கட்டையும் எங்களுக்கு. முற்றத்தின் ஓரமாகப் பாய் போட்டுக் கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்து அவர்களுக்கு மட்டும் கற்றாழைக் கள். அதுதானே வழக்கம். வயதானவர்கள் குடித்துவிட்டுப் பாடலாம், அழலாம், நாறலாம், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் உதட்டில் பட்டாலும் குற்றம். தண்டனை தெரியும்தானே? சந்தையில் எல்லோரும் பார்க்கத் தலையை மழித்து, வீட்டை இடித்துத் தரைமட்டமாக்குவார்கள். அதற்குப் பிறகு எந்தத் துறையிலும் அவன் ஓடம் ஒதுங்க முடியாது.

கள் ஊற்றிய மருமகள் ஊருக்குப் புதிது. ஸோலின் தண்ணீர்க் குடுவையோடு அந்தப் பக்கம் போனார். நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அவள் மரியாதையாகக் கிண்ணத்தை நீட்டினாள். நீட்டினால் வாங்கிவிடுவார், அதுவும் அவர் குணம். வாங்கிக் குடித்தார். கிழவர்கள் இடம் விட்டார்கள், உட்கார்ந்தார். இரண்டாவது கிண்ணமும் வந்தது.

தோசான் எங்கள் பேட்டை இளைஞர் இல்லத்தில் பையன்களை மேய்க்கிறவன். போன போரில் ஒரு கைதியைப் பிடித்து வந்தான், அதிலிருந்து நடையே மாறிவிட்டது. விருந்து வீட்டில் நின்று யார் எதைக் குடிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவனுக்கு விருந்து. அவன் வந்து கேட்டான்.

"பெரியவரே, குடிக்கிற வயசு ஆயிடுச்சா உங்களுக்கு?"

வேறு யாராக இருந்தாலும் "ஆயிடுச்சுடா, போடா" என்று சொல்லியிருப்பார்கள். அத்துடன் முடிந்திருக்கும். ஸோலின் கிண்ணத்தைக் கீழே வைத்தார். யோசித்தார்.

"தெரியலையேப்பா" என்றார்.

மோசெல் கையிலிருந்த கொழுக்கட்டையின் சோளத்தோகை கீழே விழுந்தது.

தோசான் கெட்டவன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒருவர் தெரியவில்லை என்று சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்? மறுநாளே விஷயம் பேட்டைத் தலைவர் மசாத்திடம் போனது. அடுத்த சந்தை நாளன்று விசாரணை என்று சொல்லி அனுப்பினார்.

பிறந்த நாள் எல்லோருக்கும் தெரியும். ஸோலினுக்கும் தெரியும், எண்ணும் உருவமுமாகப் பெயர் வைத்த நாட்களில் ஆறு நாய் என்கிற நாள். ஆனால் ஆறு நாய் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிற நாள், எந்த ஆண்டில் வந்த ஆறு நாய் என்று அதைக் கேட்டால் சொல்லுமா? அதனால் எங்கள் பேட்டையில் ஒரே அளவுகோல்தான். கடைசியாக ஆண்டுகளைக் கட்டிய அந்த இரவைப் பார்த்திருக்கிறாயா? பார்த்தவர்கள் குடிக்கலாம்.

ஐம்பத்திரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஆண்டுகளைக் கட்டாகக் கட்டி முடிக்கிற அந்த இரவு அடுத்த ஆண்டு மறுபடியும் வரப்போகிறது. நான் பார்த்ததில்லை; அதற்குப் பிறகு பிறந்தவள். கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஊரிலுள்ள எல்லா அடுப்பையும், கோயில் நெருப்பு உட்பட, அணைத்துவிடுவார்கள். பானைகளை உடைத்து, அடுப்புக்கற்களை ஏரியில் வீசி, வீட்டைப் பெருக்கிவிட்டு, இருட்டில் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். குன்றின்மேல் புது நெருப்பு பிடித்தால் உலகம் இன்னும் ஒரு சுற்று ஓடும். பிடிக்காவிட்டால் விடியாது. பிள்ளைகளுக்குக் கற்றாழை மடலில் முகமூடி செய்து மாட்டுவார்கள். தூங்கவிடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் அன்று தூங்குகிற பிள்ளை எலியாகிவிடும். அந்த இரவில் கிள்ளு வாங்கிய ஒருவரும் அதை மறந்ததில்லை. ஸோலின் அதைச் சொல்லிவிட்டால் போதும், வீடு தப்பிக்கும்.

"உங்களுக்கு யாராவது முகமூடி மாட்டினாங்களா? நல்லா யோசிங்க" என்று மோசெல் கேட்டாள்.

"மாட்டின மாதிரியும் இருக்கு."

"மாதிரின்னா?"

"அது நடந்துச்சா இல்லையான்னு தெரியல."

மோசெல் எழுந்து வெளியே போய்ப் பாத்தி ஓரத்தில் நின்று அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

தெருவே உதவிக்கு வந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. வயதானவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் நினைவை அவருக்குக் கடன் கொடுத்தார்கள். வலைக்காரர், அப்பா கூரையிலிருந்து விழுந்தார், முகமூடிக்குள் முள் குத்தியது என்று சொல்லச் சொன்னார். அவர் மனைவி குறுக்கே விழுந்தாள்.

"முள்ளைச் சீவிட்டுத்தான் மாட்டுவாங்க. உங்க அம்மாவுக்கு உங்க மேல என்ன கோவமோ."

"குத்திச்சுடி. இங்க பாரு தழும்பு."

"அது போன வருசம் மீன் கடிச்சது."

இன்னொரு கிழவர் அன்று மழை என்றார். மழை பெய்தால் நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்று ஒரு கிழவி கேட்டாள். அப்புறம் தூறல் என்று இறங்கி வந்தார். கிள்ளினார்களா அறைந்தார்களா என்பதில் இரண்டு சகோதரர்களுக்குச் சண்டை வந்து, ஒரே வீட்டில் ஒரே அம்மாவிடம் வளர்ந்தவர்கள், பேசாமல் போய்விட்டார்கள். அந்த இரவைப் பார்த்த இருவர் ஒன்றுபோலச் சொல்லி நான் கேட்கவில்லை. பயமாகக்கூட இருந்தது. இத்தனை பேருக்கும் எதை நம்பிக் கள் கொடுத்தது?

ஸோலின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாயங்காலம் என் படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்கு இப்ப மூணு அப்பா ஆயிட்டாங்க. ஒருத்தர் அடுப்புக்கல்லை ஏரியில போடறார். ஒருத்தர் கூரையில இருந்து விழறார். ஒருத்தர் மழையில நனையறார். இதுல என் அப்பா யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. "ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க. கூரையில இருந்து விழுந்தவரைச் சொல்லுங்க, நம்பறாப்ல இருக்கு" என்றேன்.

"அது பொய்யாயிடாதா?"

"வீடு இடிஞ்சா அது மட்டும் மெய்யா இருந்து என்ன பண்றது?"

அவர் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது கால்வாயில் தப்பான பக்கம் திரும்பினார், நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

விசாரணை பேட்டை மண்டபத்தில் நடந்தது. மசாத் சாய்மானப் பாயில் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர், முதுகு இன்னும் நிமிர்ந்தது. அந்த இரவைப் பார்த்தவர்தான், அப்போது ஓடியாடுகிற பையன். ஆனாலும் எந்த விருந்திலும் தன் கிண்ணத்தைத் தொடமாட்டார். பக்கத்துக் கிழவருக்குத் தள்ளிவிடுவார். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. தோசான் நடந்ததைச் சொன்னான், கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். முற்றம் முழுக்க எங்கள் தெரு. மோசெல் முன்வரிசையில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ராத்திரி உனக்கு என்ன ஞாபகம் இருக்கு? சொல்லு" என்றார் மசாத்.

ஸோலின் ஆரம்பித்தார். "எங்க அப்பா அடுப்புக்கல்லைத் தூக்கி ஏரியில போட்டாரு. அப்புறம் கூரையில..." என்று நின்றார். "இல்லைங்க, அது வலைக்கார மாமாவோட அப்பா. மழைகூட என்னுது இல்ல, அந்தப் பெரியவரு சொன்னது." திரும்பி வலைக்காரரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க" என்றார்.

கூட்டத்தில் யாரோ தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. நானாகவும் இருக்கலாம்.

"அவங்க சொன்னதை விடு. உன்னுது என்ன?" என்றார் மசாத்.

"என்னுது ஒண்ணுதாங்க இருக்கு. முகமூடி."

மோசெல் தலையைத் தூக்கினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"மெத்துன்னு இருந்துச்சு. அகலமா ஒரு இலை. ஈரமா, மூக்குல ஒட்டிக்கும். மூச்சு விட்டா உள்ள வரும், வெளிய போகும்."

முற்றத்தில் ஒரு முனகல் எழுந்தது. கற்றாழை மடல் மெத்தென்று இருக்குமா? கட்டை மாதிரி இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வலைக்காரர் "போச்சு" என்றார். தோசான்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் ஜெயித்துவிட்டான், அது அவனுக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மசாத் மட்டும் அசையவில்லை. "கற்றாழை இல்லையா?" என்றார்.

"இல்லைங்க. எங்ககூட இருந்த பொண்ணு ஒண்ணு தேடிச்சு. அங்க கற்றாழையே கிடையாது. அழுதுக்கிட்டே தேடிச்சு. அப்புறம் ஏதோ ஒரு மரத்து இலையைப் பறிச்சு ரெண்டு ஓட்டை போட்டு எங்களுக்குக் கட்டிவிட்டுச்சு. தூங்கினா எலியாயிடுவீங்க, நம்ம ஊர்ல இன்னைக்கு எல்லா அடுப்பும் அணைஞ்சிருக்கும்னு சொல்லிச்சு. ஆனா அந்த வீட்டு அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. அந்த வீட்டு ஆளுங்க எங்க முகத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. அவங்க பேச்சு எனக்குப் புரியாது. ரொம்ப வேர்க்கும் அங்க. கறுப்பா நீளமா ஒரு காய் காயப் போட்டிருப்பாங்க, இனிப்பா மணக்கும்."

முனகல் நின்றுவிட்டது. வயதானவர்களின் பக்கமாகத்தான் முதலில் நின்றது.

ஆண்டுகளைக் கட்டிய இரவுக்கு முந்தைய ஆண்டு முயல் ஆண்டு. அப்போது எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. சோளம் விளையவில்லை, அரண்மனைக் களஞ்சியமும் காலி. அந்தக் கறுப்புக் காய் விளைகிற கடலோர நாட்டில் மட்டும் சோளம் இருந்தது. அந்த வியாபாரிகள் சோளக் கூடைகளோடு வந்தார்கள். சோளத்துக்கு ஈடாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்தில் மரக்கட்டை மாட்டி மலைவழியே நடத்திப் போனார்கள் என்று ஒரே ஒரு தடவை என் அம்மா சொல்லிக் கேட்டேன். சொல்லிவிட்டு எழுந்து போய், அரைத்து முடித்த மாவையே மறுபடியும் அரைத்தாள்.

"எப்படி வந்தே திரும்ப?" மசாத்தின் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா வந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க. நான் கொஞ்சம் வளர்ந்த பிறகு. எதைக் கொடுத்து மீட்டாங்கன்னு தெரியாது. ஊருக்கு வந்ததும் அம்மாகிட்ட அந்த இலையைப் பத்திச் சொன்னேன். நீ எங்கயும் போகலடா, காய்ச்சல்ல கனவு கண்டேன்னு சொன்னாங்க. கேக்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னாங்க." மேலாடை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "அதனாலதாங்க சொல்லலை. கனவுல பார்த்ததைச் சொல்லிக் கள்ளு குடிக்கலாமா?"

மோசெல் எழுந்து நின்றுவிட்டாள். விசாரணையில் பெண்கள் நடுவில் பேசுவது வழக்கமில்லை. அவள் பேசினாள்.

"இத்தனை வருசம் கூட இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கனவைப் போய் என்னன்னு சொல்றது மோசெல்?"

அவள் உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதே சரி. வீடு தப்பித்ததா, போனதா? நடந்ததாக இருந்தால் ஸோலின் கிழவர். கனவாக இருந்தால் குற்றவாளி. எதிலிருந்து எதைப் பிரிப்பது? தினமும் ஒவ்வொரு துறையிலும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கிற மனிதரை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

தோசான்தான் பேசினான். பணிவாகத்தான் பேசினான். "தலைவரே, கேக்குறதுக்கு மன்னிக்கணும். கனவு இல்ல, நடந்ததுன்னே வச்சுக்குவோம். அப்பவும் இவரு அன்னைக்கு ஊர்ல இல்ல. அந்த இருட்டைப் பார்க்கல. வழக்கம் பார்த்தவங்களுக்குத்தானே?"

கிழவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்கினார்கள். பார்க்கவில்லைதான் என்றார் ஒருவர். முகமூடி மாட்டினதே, அது கணக்கு இல்லையா என்றார் இன்னொருவர். இலை முகமூடி எப்படிக் கணக்காகும் என்றாள் வலைக்காரர் மனைவி. பிள்ளை எலியாகவில்லையே, அப்படியானால் இலை வேலை செய்திருக்கிறது என்றார் வலைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. மறுபடியும் குழம்பிப்போய் எல்லோரும் மசாத்தைப் பார்த்தோம்.

"கற்றாழை இல்லாத ஊர் எதுன்னு கனவுல ஒரு சின்னப் பையனுக்குத் தெரியுமா?" என்றார் மசாத். "தோசான், உன் மேல தப்பில்ல. கேக்க வேண்டியதைக் கேட்டே. அந்த ராத்திரி இவன் தூங்காம இருந்திருக்கான். நம்ம பிள்ளைங்க எல்லாரோடயும் சேர்ந்து இருந்திருக்கான். எங்க இருந்தான்ங்கிறது அவன் முடிவு பண்ணினது இல்ல." பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வீட்டை யாரும் தொடக் கூடாது. இவனுக்குக் குடிக்கிற வயசு ஆயிடுச்சு."

மோசெல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வலைக்காரர் ஸோலினை "அண்ணே" என்று கூப்பிட்டார், முதல் தடவையாக. ஸோலினுக்கு அது தன்னைத்தான் என்று புரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தீர்ப்புச் சொன்னதும் தலைவர் எழுந்துவிடுவது வழக்கம். அவர் எழுந்த பிறகுதான் நாங்கள் கலையலாம். மசாத் எழவில்லை. நாங்களும் நின்றோம்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றார்.

"எந்தப் பொண்ணுங்க?"

"இலை கட்டிவிட்ட பொண்ணு."

ஸோலின் நெற்றியைத் தேய்த்தார். "ஷோக்கோன்னு கூப்பிட்டோம்னு நெனக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியலைங்க. வீட்டுக்கு ஒரு கடைக்குட்டிப் பொண்ணு இருந்தா அதுக்கு அந்தப் பேருதானே. ஊர்ல பாதிப் பேரு ஷோக்கோதான்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தி இருந்தா" என்றார் மசாத்.

எங்களில் யாருக்கும் அது தெரியாது. மசாத்துக்குத் தங்கை ஒருத்தி இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கிழவர்கள் மட்டும் தரையைப் பார்த்தார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

"எப்படி இருந்தா அவ?" என்று கேட்டார். இதைத் தலைவர் குரலில் கேட்கவில்லை.

"முகம் வரலைங்க. கை ஞாபகம் இருக்கு. கண்ணு சொருகும்போதெல்லாம் கிள்ளுவா. வலிக்காமக் கிள்ளத் தெரியும் அவளுக்கு." ஸோலின் இன்னும் யோசித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. "பெரியவ. எங்க எல்லாரையும்விடப் பெரியவ. நான் அண்ணாந்துதான் பார்ப்பேன்." வலது உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் நெஞ்சுக்கு நேரே காற்றில் நிறுத்திக் காட்டினார். "இவ்வளவு உசரம் இருப்பா."

மசாத் பாயிலிருந்து எழுந்து வந்தார். அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினார். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, "கூட்டிக்கிட்டுப் போனப்ப இவ்வளவுதான் இருந்தா" என்று சொல்லி, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.